குமரி நிருபர்கள் விருதுக்கு நடுவர்கள் தேவை

வணக்கம் நண்பர்களே. நம் மாவட்டச் செய்தியாளர்களுக்கு ஆண்டுதோறும் விருதுப் போட்டி நடத்துகிறோம். நவம்பர் 16, தேசியப் பத்திரிகை தினத்தன்று நாகர்கோவிலில் பரிசளிப்பு.

தக்கலை, குளச்சல், குலசேகரம் பக்கம் ஓடியாடி எழுதும் பகுதிநேர நிருபர்களின் செய்தி பெரும்பாலும் ‘நமது நிருபர்’ என்றுதான் அச்சாகிறது. மழையிலும் புயலிலும் முதலில் போய் நிற்பவர்கள் அவர்கள்தான். அவர்களை விட்டுவிட்டு விருது கொடுக்க மனம் வரவில்லை. எழுதியது இவர்தான் என்பதற்குச் செய்தி ஆசிரியரின் கடிதம் போதுமா, வேறு வழி உண்டா? போட்டி நடத்திப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

அப்புறம், நடுவர்கள் வெளி மாவட்டத்துக்காரர்களாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். நெல்லை, மதுரைப் பக்கம் ஓய்வுபெற்ற பத்திரிகை உதவி ஆசிரியர்கள் இருந்தால் தெரிவியுங்கள். பெயரை மறைத்துத்தான் செய்திகளை அனுப்புவோம். விளவங்கோடு பக்கம் மலையாளத்தில் எழுதுபவர்களும் உண்டு; அதை வாசிக்கத் தெரிந்த ஒருவராவது கட்டாயம் வேண்டும்.