இலங்கையின் காலி (Galle) நகரக் கோட்டைக்குப் போய் வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

ஆச்சிமார்களுக்கும் அண்ணன்மார்களுக்கும் வணக்கம். காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். கொழும்பில் வட்டிக்கடை வைத்திருந்த எங்கள் ஐயா, இலங்கையின் காலி கோட்டையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பார். வரும் தை மாதம் 74 வயது ஆயாவை அங்கே அழைத்துப் போக ஆசை. அப்போது தென்மேற்குக் கடல் அமைதியாக இருக்கும்.

திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானம், அப்புறம் கடலோர ரயில். வலப்பக்கம் உட்கார்ந்தால் கடல் தெரியும், சரி.

போர்த்துக்கீசியர் தொடங்கி டச்சுக்காரர்கள் பலப்படுத்திய மதில், 2004 சுனாமியிலும் கோட்டைக்குள் இருக்கும் ஊரைக் காத்தது. அதன்மேல் மாலையில் ஆயாவால் நடக்க முடியுமா? படிகள் செங்குத்தா? கோட்டைக்குள் தங்குவது நல்லதா, உனவட்டுன கடற்கரையிலா? முழங்கால் வலிக்காரர் கால் நனைக்க எந்த இடம் தோது? சைவச் சாப்பாடு கிடைக்கும் இடமும் சொல்லுங்கள்.