குதிரைக்குத் திரும்பத் திரும்ப வயிற்றுவலி: எண்ணெய் ஊற்றலாமா?

கேள்வி (தேவனாம்பட்டினம், கடலூர்):
கடற்கரையை ஒட்டிய எங்கள் கொல்லையில் ஆறு வயதுப் பெட்டைக் குதிரை ஒன்றை வளர்க்கிறேன். இந்த மாதத்தில் இரண்டாவது முறையாக அது தீனியை விட்டுவிட்டு, முன்காலால் தரையைக் கீறுவதும், விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பதும், படுத்துப் புரள்வதுமாக இருந்தது. மருத்துவர் வந்து ஊசி போட்ட பிறகே தணிந்தது. அவர் வந்து சேரும்வரை மூங்கில் குழாயால் நல்லெண்ணெய் புகட்டலாம் என்கிறார் பக்கத்து வீட்டுப் பெரியவர். செய்யலாமா?

பதில் 1 (கால்நடை மருத்துவர், புதுச்சேரி):
வேண்டாம். மாட்டுக்குப் புகட்டிப் பழகிய கை குதிரைக்கும் அதையே செய்யப் பார்க்கும். ஆனால் வலியில் தலையை உதறும் குதிரைக்கு வலுக்கட்டாயமாக ஊற்றும் எண்ணெய் மூச்சுக்குழலில் இறங்கினால், வயிற்றுவலியோடு நிமோனியாவும் சேர்ந்துகொள்ளும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பதால், நாங்கள்கூட மூக்கு வழியே குழாய் செலுத்தி, இரைப்பையில் தேங்கியது எதுவும் இருக்கிறதா என்று பார்த்த பின்னரே மருந்து கொடுக்கிறோம். நீங்கள் செய்ய வேண்டியது, தீனியை உடனே அகற்றிவிட்டு, தாடையெலும்பின் அடியில் விரல் வைத்து நாடியை எண்ணுவது. ஓய்வில் நிமிடத்திற்கு 28 முதல் 44 வரை இயல்பு. 60ஐத் தாண்டி, ஈறும் நிறம் மாறியிருந்தால் ஒரு நொடிகூடத் தாமதிக்காதீர்கள். குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி நிறுவனத்திற்குக் கொண்டுசெல்ல நேர்ந்தால் எந்த வண்டி கிடைக்கும் என்பதை இப்போதே விசாரித்து வையுங்கள்.

பதில் 2 (அரியாங்குப்பம்):
புல்லைத் தரையிலா போடுகிறீர்கள்? என் குதிரைக்கும் இதே தொல்லை இருந்தது. புல்லோடு சேர்ந்து உள்ளே போகும் மணல், பெருங்குடலின் அடியில் படிந்துகொண்டே வருகிறது. தரையில் படாத மேல் லத்தியில் ஐந்தாறு உருண்டைகளை எடுத்து, கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் விட்டுக் கரைத்து, கால் மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். மணல் தெரியாவிட்டால் வயிற்றில் மணலே இல்லை என்று பொருளில்லை. தெரிந்தால் சந்தேகத்திற்கு இடமில்லை.

கேள்வி கேட்டவர்:
கரைத்துப் பார்த்தேன். பாட்டிலின் அடியில் ஒரு விரற்கடை அளவுக்குக் கடல் மணல். இன்று காலையே சிமென்ட் தொட்டி வாங்கி, அதன் கீழே பழைய ரப்பர் விரிப்பையும் போட்டுவிட்டேன். மணல் வெளியேற இசப்கோல் (தண்ணீரில் ஊறிக் கூழாகும் விதை உமி) கொடுக்கலாம் என்கிறார்களே?

பதில் 1:
கொடுக்கலாம், அளவை எடை பார்த்து உங்கள் மருத்துவர் சொல்லட்டும். முன்கூட்டியே ஊறவைத்தால் கூழாகிவிடும், குதிரை முகர்ந்துகூடப் பார்க்காது. லேசாக நனைத்த தவிட்டில் பிசறி உடனே வையுங்கள், பக்கத்தில் வாளி நிறையத் தண்ணீரும் இருக்கட்டும்.