பழைய இரும்பில் சாப்பர் சைக்கிள்: பின்சந்துப் பட்டறையைத் தடை செய்யலாமா?

பட்டறைத் தம்பி (பாயான் லெப்பாஸ், பினாங்கு):

எங்கள் தாமான் (வீட்டுக் குடியிருப்புப் பகுதி) குடியிருப்பாளர் குழுவில் ஒரு தீர்மானம் ஓட்டுக்கு வருகிறது. வீட்டிலோ பின்சந்திலோ யாரும் சைக்கிளை வெட்டி ஒட்டி மாற்றக் கூடாது, பையன்களுக்கு வெல்டிங் சொல்லித் தரக் கூடாது என்கிறது அது. காரணம் லாஜாக் பயம், அதாவது பையன்கள் ரோட்டில் வேகமாக விடுகிற பிரேக் இல்லாத சைக்கிள் பயம். நான் எதிர்த்துத்தான் ஓட்டுப் போடுவேன். ஏன் என்று இங்கே சொல்லிவிடுகிறேன்.

லாஜாக் வேறு, சாப்பர் வேறு. லாஜாக்கில் பிரேக்கைக் கழற்றிவிடுவார்கள், சீட்டை இறக்கிவிடுவார்கள், வயிற்றைச் சீட்டில் வைத்துப் படுத்துக்கொண்டு மேட்டிலிருந்து விடுவார்கள். எல்லாம் வேகத்துக்காக. சாப்பரில் போர்க் (முன் சக்கரத்தைப் பிடிக்கிற கவை) நீளம், ஹேண்டில் உயரம், வாழைப்பழம் மாதிரி நீளச் சீட், முதுகுக்குப் பின்னால் ஒரு கம்பி. நிமிர்ந்து உட்கார்ந்தால் காற்று மொத்தமும் நெஞ்சில் அடிக்கும். அதில் யாரும் பந்தயம் ஓட முடியாது. மெதுவாகத்தான் போகும், அதனால் ஆபத்து இல்லை.

இந்த வடிவம் பிறந்ததே பையன்களின் கையில். கலிபோர்னியாவில் பையன்கள் 20 அங்குலச் சைக்கிளில் தாங்களே உயர ஹேண்டிலும் நீளச் சீட்டும் மாட்டி ஓட்டினார்கள். அதைக் கேள்விப்பட்டுத்தான் ஷ்வின் கம்பெனியின் ஆல் பிரிட்ஸ் 1963-ல் ஸ்டிங்-ரே சைக்கிளைக் கொண்டுவந்தார். இங்கிலாந்தின் ராலே சாப்பர் வந்தது அதற்குப் பிறகுதான்.

எங்கள் சந்தில் ஒரு பையன் லோரோங் கூலிட் சந்தையிலோ பழைய இரும்புக் கடையிலோ பிரேம் எடுக்கும்போது என்ன செய்கிறான் தெரியுமா? முதலில் காந்தம் வைத்துப் பார்க்கிறான். ஒட்டவில்லை என்றால் அலுமினியம், எங்கள் வெல்டிங்குக்கு ஆகாது. அப்புறம் சீட் கம்பியை உருவிவிட்டு பிரேமைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டுகிறான். துருச் செதில் கொட்டினால் வைத்துவிட்டு வந்துவிடுகிறான். ஹேண்டில் குழாய்க்கு (ஹேண்டில் தண்டு நுழைகிற பிரேமின் முன்குழாய்) பின்னால், இரண்டு குழாயும் சேரும் இடத்தில், பெயின்ட்டில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கிறான். பதினைந்து வயதில் இப்படி ஒரு கண் வாய்ப்பது சாதாரணம் இல்லை. தடை போட்டால் இதெல்லாம் போய்விடும். லாஜாக் ஓட்டுகிறவன் கட்டத் தெரிந்தவனைத் தேடி வேறு தாமானுக்குப் போவான், அவ்வளவுதான். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தாதீர்கள்.

வார்டு அக்கா (பாயான் லெப்பாஸ்):

தம்பி, நானும் அதே தாமான்தான். எலும்பு முறிவு வார்டில் நர்ஸ். தீர்மானத்துக்கு ஆதரவாகக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தி.

2017 பிப்ரவரி 18, ஜொகூர் பாரு. விடியற்காலையில் லாஜாக் கூட்டத்தின் மேல் கார் மோதி எட்டுப் பையன்கள் இறந்தார்கள். வழக்கு பல வருஷம் நடந்தது, யார் மேல் தப்பு என்று நாடே சண்டை போட்டது. எனக்கு அந்தச் சண்டை வேண்டாம். அந்தச் சைக்கிள்களை ஏதோ ஒரு வீட்டுப் பின்சந்தில் யாரோ கழற்றி மாற்றித்தானே கொடுத்திருப்பார்கள்? அந்த ஆளும் "மெதுவாகப் போங்கடா" என்று சொல்லித்தான் அனுப்பியிருப்பார்.

லாஜாக் வேறு, சாப்பர் வேறு என்பது உங்களுக்குத் தெரியும். வெட்டவும் ஒட்டவும் கற்றுக்கொண்ட பதினான்கு வயதுப் பையனுக்கு அந்தக் கோடு எங்கே தெரியும்? நம் தாமான் ரோடு போய்ச் சேருவது லாரி ஓடுகிற பெரிய ரோட்டில். சாப்பரோ வேறெதுவோ, அந்த முனையில் எனக்கு எல்லாம் ஒன்றுதான்.

ஏழு கியர் (பெட்டாலிங் ஜெயா):

ஆசையாக இருந்தால் கடையில் வாங்குங்கள். ராலே சாப்பரை 2023-ல் மறுபடியும் விட்டார்களே. சோதனை செய்து வந்த பிரேம், கவலை இல்லை.

பட்டறைத் தம்பி:

அண்ணே, 2023-ல் வந்தபோது அதன் விலை 950 பவுண்டு. எங்கள் சந்துப் பையன்களின் அப்பாக்கள் ஓட்டுகிற மோட்டார் சைக்கிளுக்கே அவ்வளவு விலை வராது. அது சேகரித்து வைப்பவர்களுக்கான வண்டி.

செந்தூல் பிட்டர் (கோலாலம்பூர்):

ரயில்வே பட்டறையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தம்பியின் பக்கம் நிற்கத்தான் மனசு வருகிறது. ஆனால் "மெதுவாகப் போகும், அதனால் ஆபத்து இல்லை" என்ற பேச்சை விட முடியாது. சாப்பர் தடுமாறுவதே மெதுவாகப் போகும்போதுதான்.

ஹேண்டில் குழாயின் நேர்க்கோட்டைத் தரை வரைக்கும் நீட்டிப் பாருங்கள். அது தரையைத் தொடுகிற இடம் ஒன்று, டயர் தொடுகிற இடம் ஒன்று. இடையில் இருக்கிற தூரத்தை டிரெயில் என்போம். சாதாரண சைக்கிளில் ஹேண்டில் குழாய் தரையோடு 72 டிகிரி, டிரெயில் 6 செ.மீ. சுமார். அதையே 50 டிகிரிக்குச் சாய்த்து, 20 அங்குலச் சக்கரத்தில் நேரான போர்க் போட்டால் டிரெயில் 21 செ.மீ. தாண்டும். நேர் ரோட்டில் ஓடும்போது வண்டி கோடு போட்ட மாதிரி போகும். சந்து முனையில் மெதுவாகத் திருப்பும்போது ஹேண்டில் தானே ஒரு பக்கமாகச் சாயும், கைப்பலம் இல்லாத பையன் கீழே விழுவான்.

அடுத்தது பாரம். பி.எம்.எக்ஸ் (20 அங்குலச் சக்கரச் சைக்கிள்) போர்க்கில் சக்கர அச்சிலிருந்து கிரவுன் (போர்க்கின் இரண்டு காலும் மேலே சேருகிற இடம்) வரை கிடைமட்டமாக அளந்தால் 12, 13 செ.மீ. இருக்கும். போர்க்கை இரண்டு மடங்கு நீட்டி 50 டிகிரியில் சாய்த்தால் அது 40 செ.மீ. ஆகிறது. முன் சக்கரத்தில் அதே எடை இறங்கினாலும் கிரவுன் வெல்டிங் தாங்க வேண்டிய வளைவு விசை மூன்று மடங்குக்கு மேல். அந்த இடம் விட்டுப்போனால் முன்னறிவிப்பே இருக்காது. முகம்தான் முதலில் தரையில் படும். உங்கள் பையன்களின் போர்க்கை எப்படி நீட்டுகிறீர்கள், அதைச் சொல்லுங்கள் முதலில்.

பட்டறைத் தம்பி:

இரண்டு போர்க்கை வெட்டி முட்டுக்கு முட்டு வைத்து ஒட்டுவது எங்கள் சந்தில் கிடையாது ஐயா. உள்ளே சரியாக நுழைகிற குழாய்த் துண்டு ஒன்றை, இரண்டு பக்கமும் ஆறு ஏழு செ.மீ. போகிற மாதிரி வைப்போம். வெளிக்குழாயில் துளை போட்டு அந்தத் துளை வழியாகவும் வெல்டிங், சுற்றிலும் வெல்டிங். கிரவுனில் ஒரே தட்டை நம்புவதில்லை. மோட்டார் சைக்கிளில் இருக்கிற மாதிரி ஹேண்டில் குழாய்க்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு தட்டு. கால் குழாய் இரண்டையும் இரண்டு தட்டும் பிடிக்கும், ஹேண்டில் குழாய்க்குள் போகிற நடுத்தண்டு தனியாக வளைவைத் தாங்க வேண்டியதில்லை. சாய்வும் 60 டிகிரிக்குக் கீழே போக விடுவதில்லை. பார்க்க அவ்வளவு கெத்தாக இருக்காது, பையன்கள் முணுமுணுப்பார்கள்.

செந்தூல் பிட்டர்:

இரண்டு தட்டு என்றால் சரி, வேலை தெரிந்தவர்தான். பிரேக்?

பட்டறைத் தம்பி:

பின் சக்கரத்தில் காலால் பின்னோக்கி மிதிக்கிற பிரேக். சாப்பரில் எடை பெரும்பாலும் பின்னால்தான் இருக்கிறது, அதனால் பின் பிரேக் சாதாரண சைக்கிளைவிட நன்றாகவே பிடிக்கும். முன்னால் கேபிள் தொங்கினால் அழகு கெடும் என்கிறார்கள் பையன்கள்.

வார்டு அக்கா:

எனக்கு வெல்டிங் தெரியாது. ஆனால் மிதிக்கிற பிரேக் செயின் வழியாகத்தானே வேலை செய்கிறது? செயின் கழன்றால்?

செந்தூல் பிட்டர்:

அக்கா கேட்டதுதான் கேள்வி. பிரேமையும் நீட்டினால் இரண்டு செயினைச் சேர்த்துத்தான் போட முடியும். நீளமான செயின் தொய்யும், பல்லைவிட்டு இறங்கும். இறங்கிய நிமிஷம் பிரேக்கும் போச்சு. அழகு கெடும் என்பது ஒரு காரணமா? முன் பிரேக் கட்டாயம். நடுவில் செயினைத் தாங்க ஒரு உருளையும் வையுங்கள்.

பட்டறைத் தம்பி:

முன் பிரேக்கை ஏற்றுக்கொள்கிறேன் ஐயா. இனி அது இல்லாமல் எதுவும் சந்திலிருந்து வெளியே போகாது. அக்கா, நீங்கள் கேட்ட மாதிரி கேள்வி கேட்க ஒரு ஆள் சந்தில் இருந்தால் நல்லது என்றுதான் நான் சொல்ல வருகிறேன். தடை போட்டால் அந்த ஆள் இருக்க மாட்டார், சைக்கிள் மட்டும் இருக்கும்.

பிறை அப்பா:

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். என் மகனும் இதே பைத்தியம். போர்க்குக்கு வீட்டில் கிடக்கிற பழைய தண்ணீர்க் குழாயைப் பயன்படுத்தலாமா? வெள்ளை வெள்ளையாக முலாம் பூசினது. போன வாரம் அதில் ஒரு துண்டு ஒட்டிவிட்டு ராத்திரி முழுக்கக் குளிர் காய்ச்சல் என்று படுத்துக் கிடந்தான். டெங்கியோ என்று பயந்துவிட்டோம். காலையில் சரியாகிவிட்டது. பால் குடித்தால் போதும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார்.

வார்டு அக்கா:

அது துத்தநாகப் புகையால் வருகிற காய்ச்சலாக இருக்கும் அண்ணே. ஒட்டி முடித்துச் சில மணி நேரம் கழித்துத்தான் குளிரும் உடம்பு வலியும் வரும், ஒரு நாளில் பெரும்பாலும் இறங்கிவிடும். பால் அதைத் தடுக்காது, குணமாக்காது. வெல்டிங் பட்டறைகளில் பரம்பரையாகச் சொல்லி வருகிற நம்பிக்கை அது. மறுபடியும் காய்ச்சலோ மூச்சிரைப்போ வந்தால் கிளினிக்குக்குக் கூட்டிப் போய், முலாம் பூசிய இரும்பை ஒட்டினான் என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். நம் ஊரில் டெங்கியும் இருக்கிறது, நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

தம்பி, பாருங்கள். கற்றுக்கொடுக்க ஆள் இருக்கிறாரோ இல்லையோ, இதெல்லாம் எந்த வீட்டில் நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

செந்தூல் பிட்டர்:

துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும். இரும்பு உருக 1500 டிகிரி பக்கம் வேண்டும். ஆகவே முலாம் பூசிய குழாயில் நெருப்பு வைத்தாலே வெள்ளைப் புகை உறுதி. தண்ணீர்க் குழாய் கனமும்கூட, முன்பக்கம் இரும்புத் தூணைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற கதை ஆகிவிடும். கறுப்புக் குழாய் வாங்குங்கள், அல்லது இன்னொரு பழைய சைக்கிளின் குழாய். வெளியில் காற்றோட்டமாக வைத்து ஒட்டச் சொல்லுங்கள்.

பட்டறைத் தம்பி:

பிறை அண்ணன் வீட்டில் நடந்ததுதான் என் வாதமே, அக்கா. அந்தப் பையன் தனியாகச் செய்தான். எங்கள் சந்தில் முலாம் பூசிய குழாயை உள்ளேயே விட மாட்டோம். தீர்மானத்தில் திருத்தம் கொண்டுவருகிறேன்: வெல்டிங் பெரியவர் ஒருவர் கூட நின்றால் மட்டும், இரண்டு பிரேக் இல்லாத சைக்கிள் சந்திலிருந்து வெளியே போகக் கூடாது, யார் பிரேக்கைக் கழற்றினாலும் அவனுக்கு இனி உதவி இல்லை. இதற்காவது ஆதரவு தருவீர்களா?

வார்டு அக்கா:

முதல் இரண்டுக்கும் தருவேன். ஆனால் நீங்கள் சொன்னது எல்லாம் சைக்கிளைப் பற்றி, நான் கேட்டது ரோட்டைப் பற்றி. பெரிய ரோட்டு முனைக்கு அந்தப் பையன்கள் போகாமல் இருக்க உங்கள் திருத்தத்தில் ஒரு வரி கூட இல்லை. குழுத் தலைவரோடு பேசி, ஞாயிற்றுக்கிழமை காலையில் உள்ரோட்டை இரண்டு மணி நேரம் காருக்கு மூடி அவர்களுக்கு விடச் சொல்லுங்கள். கோலாலம்பூரில் ஞாயிறு காலையில் டவுன் ரோட்டையே மூடிவிடுகிறார்களே. அது எழுத்தில் வந்தால் என் கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். வராத வரைக்கும் என் ஓட்டு தடைக்குத்தான் தம்பி.

பட்டறைத் தம்பி:

இன்றைக்கு ராத்திரியே தலைவர் வீட்டுக்குப் போகிறேன். உங்களால் வர முடியுமா? நர்ஸ் சொன்னால் கேட்பார்.

வார்டு அக்கா:

நைட் ஷிப்ட். நாளைக் காலை எட்டு மணிக்கு மேல் என்றால் வருகிறேன்.

பிறை அப்பா:

கடைசியாக ஒன்று. மெல்லிய சைக்கிள் குழாய்க்கு எந்த ராடு, எவ்வளவு ஆம்பியர்?

செந்தூல் பிட்டர்:

6013, இரண்டு மில்லிமீட்டர். 45 ஆம்பியரில் ஆரம்பியுங்கள், ஓட்டை விழுந்தால் இறக்குங்கள், ஒட்டாமல் உருண்டால் ஏற்றுங்கள். முதலில் நாலு பக்கமும் புள்ளி வைத்துவிட்டு எதிரெதிராக ஒட்டிக்கொண்டு வாருங்கள், ஒரே பக்கமாகப் போனால் பிரேம் இழுத்துக்கொள்ளும். வெல்டிங் முகமூடி போட்டுக்கொண்டு நீங்களும் பையன் பக்கத்திலேயே நில்லுங்கள்.