ஒட்டுப்புரதமா, பற்றுப்புரதமா?

ஐயா, வணக்கம்.

உயிரணுக்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள உதவும் மேற்பரப்புப் புரதங்களுக்கு (cell adhesion molecules) நீங்கள் முன்வைத்த 'ஒட்டுப்புரதம்' சுருக்கமான சொல்தான். ஆனால் குடலின் நோய் எதிர்ப்பைப் பற்றி எழுதும்போது இடறுகிறது. 'குடல் ஒட்டுப்புரதம்' என்றதும் படிப்பவர் மனம் ஒட்டுண்ணிக்குப் போய்விடும். அதைவிட, இந்தப் புரதங்களின் வேலை ஒட்டிக்கொண்டு கிடப்பது அல்ல.

குடலுக்குப் போகும் ஒரு டி அணுவை, அதாவது நோய் எதிர்ப்பு வெள்ளையணுக்களில் ஒரு வகையைப் பாருங்கள். அதன் மேற்பரப்பில் ஆல்ஃபா4-பீட்டா7 என்ற இன்டெகிரின் வகைப் புரதம். குடலின் நுண்சிரைகளின் உட்சுவரில் அதற்கு இணையான மேட்காம்-1 என்ற புரதம். இரத்த ஓட்டத்தில் அடித்துச் செல்லப்படும் அணு முதலில் சுவரை லேசாகத் தொட்டு உருள்கிறது, வேகம் குறைகிறது. அணுக்களை ஈர்க்கும் கீமோகைன் என்ற சமிக்ஞைப் புரதம் பட்டதும் இன்டெகிரின் வடிவம் மாறி இறுகப் பிடிக்கிறது. பிறகு பிடியைத் தளர்த்தி, சுவரைக் கடந்து திசுவுக்குள் இறங்குகிறது. உள்ளே போனபின் சில அணுக்கள் ஆல்ஃபாஈ-பீட்டா7 என்ற இன்னொரு இன்டெகிரினைக் கொண்டு, குடலின் உள்வரியான எபிதீலிய உயிரணுக்களின் ஈ-கேட்ஹெரின் என்ற புரதத்தைப் பிடித்தபடி அங்கேயே காவல் இருக்கின்றன.

பிடிப்பதும் விடுவதுமான இந்த வேலைக்குப் 'பற்று' அல்லவா பொருந்தும்? பற்றியதை விடலாம், ஒட்டியதைப் பிய்க்கத்தான் வேண்டும். தாவரவியலில் 'பற்றுக்கம்பி' ஏற்கெனவே ஊன்றிவிட்ட சொல். ஆகவே என் பரிந்துரை உயிரணுப் பற்றுப்புரதம், சுருக்கமாகப் பற்றுப்புரதம். 'பற்று' வன்தொடர்க் குற்றியலுகரம், ஆகவே இடையில் ஒற்று மிகும். கேட்ஹெரின், இன்டெகிரின், செலெக்டின் என்ற குடும்பப் பெயர்களை அப்படியே விட்டுவிடலாம்.

'பற்று' கணக்கேட்டுச் சொல் ஆயிற்றே என்ற தயக்கம் எனக்கு இல்லை. துறை வேறு, குழப்பம் வராது. குழப்பம் வரக்கூடிய இடம் மருந்துதான். 2014-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற வெடோலிசுமாப் என்ற மருந்து, ஆல்ஃபா4-பீட்டா7-ஐ மறித்து, குடல் அழற்சி நோய்களான குரோன் நோயிலும் பெருங்குடல் புண் அழற்சியிலும் வெள்ளையணுக்கள் குடலுக்குள் திரள்வதைக் குறைக்கிறது. இவ்வகையை 'ஒட்டுத்தடுப்பு மருந்து' என்று எழுதினால், வயிற்று அறுவைக்குப் பின் குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைத் தடுக்கும் மருந்து என்று மருத்துவரே எடுத்துக்கொள்வார். நோயாளியின் கையேட்டில் அப்படி ஒரு மயக்கத்துக்கு இடம் தரக் கூடாது. 'பற்றுமறிப்பு மருந்து' என்றால் அந்தச் சிக்கல் இல்லை. நடாலிசுமாப் என்ற இன்னொரு மருந்து, குடலுக்கு மட்டும் உரியதல்லாத ஆல்ஃபா4-ஐயே மறிப்பதால் மூளைக்குப் போகும் வெள்ளையணுக்களும் தடைப்படுகின்றன. அரிதாகக் கடுமையான மூளைத் தொற்று வருவது அதனால்தான். ஆகவே 'குடல்சார் பற்றுமறிப்பு' என்ற அடைமொழியும் தேவைப்படும்.

இன்னொரு சொல் பாக்கி இருக்கிறது. குடலின் டென்ட்ரைட் அணுக்கள் (டி அணுக்களைத் தூண்டும் நோய் எதிர்ப்பு அணுக்கள்) வைட்டமின் ஏ-யிலிருந்து ரெட்டினோயிக் அமிலம் ஆக்கி, டி அணுக்களில் ஆல்ஃபா4-பீட்டா7 தோன்றச் செய்கின்றன; அதன்பின் அவை குடலையே நாடுகின்றன. ஆங்கிலத்தில் 'homing' எனப்படும் இதை 'வீடு திரும்பல்' என்று சிலர் எழுதுகிறார்கள். அந்த அணு பிறந்த இடம் குடல் இல்லையே! 'குடல்நாட்டம்' என்று நான் எழுதி வருகிறேன். இதைவிடப் பொருத்தமானது உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.