திரில்லர் குறும்படம்: முதல் 90 வினாடியில் பதற்றம் ஏறவில்லை

நடுச்சாமம்:
8 நிமிடப் படம். தனியாக வசிக்கும் பெண் நள்ளிரவில் சிங்கப்பூரில் தன் வீவக (அரசு அடுக்குமாடி) புளோக்குக்குத் திரும்புகிறாள். புளோக், மின்தூக்கி, தாழ்வாரம், சாவி, கதவு திறந்ததும் இருட்டில் ஓர் ஆள். இசை முதல் ஃபிரேமிலிருந்தே ஓடுகிறது. பார்ப்பவர்கள் கடைசியில் திடுக்கிடுகிறார்கள், அதுவரை சும்மா இருக்கிறார்கள். எதை மாற்றலாம்?

கத்தரிமேசை:
ஆள் இருப்பது கடைசியில்தான் தெரிகிறது என்பதால், அதற்கு முந்தைய நடை முழுக்க வெறும் நடை. முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவள் கீழே மின்தூக்கிக்காகக் காத்திருக்கும்போதே மேலே அவள் வீட்டு வாசல்: பூட்டிய கிரில், ஒரே ஒரு ஜோடிப் பெண் செருப்பு, தாழ்வாரத்து ஜன்னலில் வெளிச்சம். மூன்று வினாடி. வெளிச்சம் அணைகிறது. இனி மின்தூக்கி வேறு மாடியில் நின்றாலும் சாவி நழுவினாலும் வயிற்றைப் பிசையும். 1958இல் வந்த 'டச் ஆஃப் ஈவில்' படத்தின் தொடக்கம் இதற்குப் பாடம். டைமர் குண்டைக் கார் டிக்கியில் வைப்பதை நாம் பார்த்துவிடுகிறோம். பிறகு வெட்டே இல்லாமல் அதே ஷாட்டில் கார் ஊர்கிறது; மொத்த ஷாட் மூன்று நிமிடத்துக்கு மேல்.

மௌனராகம்77:
ஒளித்தும் இழுக்கலாம். 'அந்த நாள்' (1954) துப்பாக்கிச் சூட்டோடுதான் தொடங்குகிறது. சுட்டது யார் என்பதற்காகவே கடைசிவரை உட்காருகிறோம். ஆனால் மறைப்பது ஒன்றாக இருக்கட்டும். இடம், நேரம், அவள் யார் எல்லாவற்றையும் மறைத்தால் வருவது குழப்பம்தான். உங்கள் கதைக்கு வெளிச்சத்தைக் காட்டி முகத்தை மறைப்பதே சரி.

நடுச்சாமம்:
நன்றி. மின்தூக்கிக்குள் வெட்டி வெட்டிக் காட்டலாமா?

கத்தரிமேசை:
வேண்டாம். வெட்டினால் நேரம் சுருங்கிவிடும். மாடி எண் மாறுவதும் அவள் முகமும் ஒரே ஷாட்டில் இருக்கட்டும்.

ஒலிப்பதிவாளன்:
இசையை எடுத்துவிடுங்கள். பயப்படக் காரணம் வருமுன்பே பயப்படச் சொல்கிறது. பிறகு ஏற்ற இடமில்லை. அதே தாழ்வாரத்தில், யாரும் அசையாமல், ஒரு நிமிடம் வெற்று ஒலி பதியுங்கள். விசிறி இரைச்சல், தூரத்து வாகனம் போதும். ஜன்னல் அணையும்போது ஸ்விட்ச் சத்தம் மட்டும் சற்றுத் தூக்கலாக வரட்டும். இன்னொன்று: இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். வினாடிக்கு 24 ஃபிரேமும் 1/48 வினாடி ஷட்டரும் வைத்தால் தாழ்வார விளக்கு சிமிட்டலாம்; 25 ஃபிரேம், 1/50 பாதுகாப்பு. தாழ்வாரம் பொது இடம், படமெடுக்குமுன் நகர மன்றத்திடம் அனுமதி கேளுங்கள்.