நடுவில் வீடு பார்த்தால் இருவருக்கும் சரியாக வருமா?

எனக்கு வேலை நகரத்தின் வடக்கே. மனைவிக்குத் தெற்கே ஒரு மருத்துவமனையில் ஷிஃப்ட் வேலை. வீடு தேடுகிறோம் என்று வாயைத் திறந்ததுமே வந்த யோசனை, "நடுவுல பாருங்களேன்". புரோக்கரும் அதையே சொன்னார், மாமியாரும் அதையே சொன்னார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும்.

ஆனால் அந்த நடுப்பகுதியிலிருந்து எனக்கு ஒரே ரயில். அவளுக்கு ஒரு பஸ், இறங்கி இன்னொரு பஸ். இரண்டாவது பஸ் 20 நிமிடத்துக்கு ஒன்று. முதல் பஸ் கொஞ்சம் பிந்தினாலும் இரண்டாவது கண் முன்னே போய்விடும், முழுசாக 20 நிமிடம் நிற்க வேண்டும். தூரம் ஒன்றாக இருந்து என்ன செய்ய?

பெரிய வாக்குவாதம் இதில்தான் வந்தது. இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்க்கெட்டி 1994-ல் எழுதிய ஒரு கட்டுரையைப் பற்றி எங்கோ படித்திருந்தேன். மனிதர்கள் சராசரியாக ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் பயணத்துக்குச் செலவிடுகிறார்கள், வாகனங்கள் வேகமானால் நேரம் மிச்சமாவதில்லை, இன்னும் தள்ளிப் போய்க் குடியேறுகிறார்கள் என்பது அதன் சாரம். அதைச் சொல்லி, போக அரை மணி வர அரை மணி, அதற்குமேல் கொஞ்சம் ஆனால் இருவரும் பொறுத்துக்கொள்ளலாம் என்றேன். "நீங்க உட்கார்ந்து தூங்கிட்டே போவீங்க. நான் ரெண்டு இடத்துல நிக்கணும். ரெண்டும் ஒரே அரை மணியா?" என்றாள். அவள் பக்கம் நியாயம் இருக்கிறது. போக்குவரத்துத் திட்டமிடுபவர்களே நிறுத்தத்தில் காத்திருக்கும் ஒரு நிமிடத்தை, வண்டிக்குள் போகும் கிட்டத்தட்ட இரண்டு நிமிடங்களுக்குச் சமமாக எடுத்துக்கொள்வது வழக்கம். வண்டி மாறுவதற்கென்று தனியாகவும் சில நிமிடங்களைக் கூட்டுவார்கள்.

அதற்கப்புறம் கேள்வியையே மாற்றிக்கொண்டோம். யார் தாமதமாகப் போனால் அதிகச் சிக்கல்? நான் அரை மணி பிந்திப் போனால் யாரும் கேட்க மாட்டார்கள், வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. அவளுக்கு அதிகாலை 6 மணி ஷிஃப்ட் என்றால் 6 மணிதான். இரவு ஷிஃப்ட் முடிந்து தனியாக வரவும் வேண்டும். எனவே மருத்துவமனைக்குப் பக்கத்தில் வீடு, அதிலும் என் ரயில் பாதைக்கு நடந்து போகிற தூரம் என்று முடிவானது. தேட வேண்டிய இடமே சுருங்கிவிட்டது, அது பெரிய நிம்மதி.

விளம்பரத்தில் "ரயில் நிலையத்திலிருந்து 5 நிமிடம்" என்று பார்த்தால் யாருடைய 5 நிமிடம் என்று கேளுங்கள். நடந்தா, பைக்கிலா? ஜப்பானில் வீட்டு விளம்பரங்களுக்கு 80 மீட்டர் சாலைத் தூரம் 1 நிமிடம் என்று கணக்கு உண்டு, 5 நிமிடம் என்றால் 400 மீட்டருக்குள். அந்தக் கணக்கிலும் சிக்னலில் நிற்கும் நேரம் சேராது. நாங்கள் பார்த்த ஒரு வீட்டில் தூரமெல்லாம் சரிதான், நடுவில் ஓர் அகலமான சாலை. அதைக் கடக்கவே பாதி நேரம் போய்விடும் போலிருந்தது. பகலில் நடந்த வழியை அவள் இரவு ஷிஃப்ட் முடியும் நேரத்திலும் ஒருமுறை நடந்து பார்த்தோம். விளக்கே இல்லாத ஒரு சந்து இருந்தது, அந்த வீட்டை அத்தோடு விட்டோம்.

செல்போனில் வழி பார்க்கும்போது ஞாயிற்றுக்கிழமை மதியம் பார்க்காதீர்கள். வேலை நாளில் எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று கொடுத்துப் பாருங்கள். கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பதையும்.

*

மேலே எழுதியவருடையதைப் போலில்லை, எங்கள் கதை வேறு. எனக்கும் கணவருக்கும் ஒரே ரயில் பாதை, ஆளுக்கொரு முனை. அவர் வேலை பார்க்கும் பக்கம் வாடகை குறைவு என்று அங்கே குடிபோனோம். கொஞ்ச நாளிலேயே அவருடைய அலுவலகம் வேறு பகுதிக்கு மாறிவிட்டது! வேலை மாறும் வாய்ப்புள்ளவர்கள் இரண்டு பாதைகள் சந்திக்கும் நிலையத்துக்குப் பக்கத்தில் பாருங்கள். வாடகை கூடத்தான் இருக்கும். ஆனால் ஒருவர் வேலை மாறினாலும் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்காது. மேலே சொன்ன "யாருக்குத் தாமதம் சிக்கல்" என்ற கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது. எங்கள் வீட்டில் வாடகை எவ்வளவு என்பதைத் தாண்டிப் பேச்சு போகவே இல்லை.

*

மேலே எழுதிய இருவரைப் போலவும் இல்லை எங்கள் கதை. நான் கார் ஓட்டுவேன், மனைவி ஓட்ட மாட்டாள். இப்படிப்பட்டவர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள். "நிலையம் தூரமா இருந்தா என்ன, நான் தினமும் கொண்டுபோய் விடறேன்" என்று சொல்லித்தான் இப்போதைய வீட்டை எடுத்தோம். விடவும் செய்கிறேன். ஆனால் நான் வெளியூர் போனால், காய்ச்சலில் படுத்தால், அதிகாலைக் கூட்டம் வந்தால் அவள் பாடு திண்டாட்டம். பஸ்ஸும் கிடையாது. அவள் கூடுதல் நேரம் வேலை செய்தால் நானும் காத்திருக்க வேண்டும், அதில் இருவருக்குமே எரிச்சல்.

இப்போது மறுபடி தேடுகிறோம். அவள் தானாக நடந்து நிலையத்துக்குப் போக முடியும் என்றால்தான் வீட்டுக்குள் போய்ப் பார்ப்பது. கார் நிறுத்த இடம் இல்லையென்றால் அது என் தலைவலி. அவளும் அப்படியே சொல்லிவிட்டாள்.