கிராஸில் வெட்டிய பட்டு தொங்கத் தொங்க நீளும்

க்ரேப் பட்டில் மடிப்பு வழியும் நீள கவுன் ஒன்றை முழுக்கக் கையாலேயே தைத்து முடித்தேன். ஏழு வாரம் ஆனது. அதில் பாதி நாள் ஊசியையே தொடவில்லை.

முதலில் தாளில் வரைந்தேன்: கழுத்தடியில் மூன்று மடிப்பு, இடுப்பில் ஒரு முடிச்சு. காடாத் துணியை டம்மியில் போட்டு மாதிரி பார்த்தால் மடிப்பு மூன்றும் விறைத்து நின்றன. காடா கெட்டி, பட்டு குழையும், இரண்டும் ஒன்றாகுமா? பட்டின் கனத்துக்கு ஒத்த பழைய துணி ஒன்றை எடுத்தேன். நேர் இழையில் பிடித்தபோது மடிப்பு உடைந்து உடைந்து விழுந்தது. 45 டிகிரி திருப்பி, இழைக்குச் சாய்வாக, அதாவது கிராஸில் பிடித்ததும் கழுத்திலிருந்து அதுவாகவே வளைந்து இறங்கியது. தாளில் போட்ட மூன்று இரண்டாயிற்று, முடிச்சே வேண்டியிருக்கவில்லை. கிராஸ் வெட்டுக்குப் பேர்போன பாரிஸ் வடிவமைப்பாளர் மேடலின் வியோனே, சிறிய மரப் பொம்மையில் துணியைச் சுற்றித்தான் உருவம் கண்டார். ஏன் என்று அன்றைக்குப் புரிந்தது.

பிறகு நடந்ததுதான் வருத்தம். உடல் பகுதியை இணைத்த இரவே கீழ் விளிம்பைச் சமமாக வெட்டி, உருட்டித் தைத்துவிட்டேன். இரண்டு நாள் மாட்டி வைத்துப் பார்த்தால் முன் நடுவில் இரண்டு அங்குலம் இறங்கியிருந்தது. நேர் இழைக்கு நெருக்கமாக வந்த பக்கங்கள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. கிராஸில் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று நகரும். துணியின் சொந்த எடையே அதைக் கீழே இழுத்துவிடும். பிரித்த இடத்தில் ஊசித் துளை வரிசையாகத் தெரிந்தது, நீவிப் பார்த்தும் மறையவில்லை. அந்த ஓரத்தையே வெட்டி எறிய வேண்டியதாயிற்று.

இப்போது குறைந்தது ஒரு முழு நாள் தொங்கவிடாமல் விளிம்பில் கத்தரி வைப்பதில்லை. அப்புறமும் உடுத்துபவரை நிற்க வைத்து, தரையிலிருந்து மேல்நோக்கி அளந்து நூலோட்டம் போட்டுக்கொள்கிறேன்.

*

அக்கா, உங்கள் பதிவைப் படித்தேன். நானும் கிராஸில் வெட்டித் தைத்தேன். எனக்கு விளிம்பு தப்பித்தது, பக்கத் தையல் போனது. இறுக்கி இழுத்துத் தைத்திருந்தேன். உடுத்தி உட்கார்ந்ததும் நூல் பட்டென்று அறுந்தது. துணி நீள்கிறது, நூல் நீளவில்லை. இப்போது நூலைத் தளரவிட்டு ஓட்டி, நாலு தையலுக்கு ஒரு பின்தையல் போடுகிறேன். ஒவ்வொரு சாணுக்கும் துணியை மெல்ல இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த சாண். குண்டூசியும் தையலுக்கு விடும் ஓரத்துக்குள்தான், வெளியே குத்தினால் தடம் நின்றுவிடுகிறது.